தலையெழுத்து விழுந்த திங்கட்கிழமை

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலைக்கு வடக்கே இருந்த நாற்பத்தெட்டு வீட்டுக் குடியிருப்பில், ஆனி மாதத்து ஒரு திங்கட்கிழமை விடியும் நேரத்தில், பால் பாக்கெட் போடுகிறவர் முதல் மாடியை முடித்து இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள், வீட்டுச் சுவர்களில் ஒட்டியிருந்த தலையெழுத்துகள் எல்லாம் ஒரே சமயத்தில் கழன்று கீழே விழுந்தன.

தலையெழுத்து என்றால் பிரம்மன் மண்டையில் எழுதுவதாகச் சொல்வார்களே, அது இல்லை. இது மரத்தில் செய்தது, நாலு விரல் அகலம், நாலு விரல் உயரம். செய்தவள் டி பிளாக் தரைத்தளத்துச் செல்வகனி. அவள் புருஷன் இசக்கிராஜ் துறைமுகத்தில் இரவு ஷிப்டில் சரக்கு இறக்கும் வேலை பார்க்கிறவன். இயந்திரங்கள் வந்த பெட்டிகளின் உடைந்த பலகைகளை வீணாகப் போகிறதே என்று வீட்டுக்கு எடுத்து வருவான். எந்த நாட்டு மரமோ, வெட்டினால் வீடு முழுக்க எலுமிச்சை உரித்தது மாதிரி மணக்கும். செல்வகனி அந்தப் பலகையைச் சதுரமாக அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீரைப் பூசிக் காயவைத்து, கார்பன் தாள் வைத்து எழுத்தை வரைந்து கறுப்பு பெயின்ட் அடித்து, மேலே வார்னிஷ் தடவுவாள். ஓர் எழுத்துக்கு ஒரு பலகை. குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி ஒரு குடும்பத்துப் பெயர்களையெல்லாம் ஒன்றோடொன்று கோத்துச் சுவரில் ஒட்டுவது. செல்போனில் எங்கேயோ பார்த்துத் தன் வீட்டுக்கு ஒன்று செய்தாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். இரண்டே வருஷத்தில் அந்தக் குடியிருப்பில் பெயர் ஒட்டாத வீடு இல்லை என்று ஆகிவிட்டது.

எல்லா வீட்டிலும் கோப்பு ஒன்றுதான். அப்பா பெயர் மேலிருந்து கீழே இறங்கும். மூத்த பிள்ளையின் பெயர் இடமிருந்து வலமாக ஓடும். அப்பா பெயரின் முதல் எழுத்துதானே பிள்ளைக்கு இனிஷியல், ஆகையால் இரண்டுக்கும் சேர்த்து மூலையில் ஒரே பலகை போதும். மற்ற பிள்ளைகளும் அம்மாவும் எங்கே பொது எழுத்துக் கிடைக்கிறதோ அங்கே புகுந்துகொள்வார்கள். அந்த மூலைப் பலகைக்குத்தான் தலையெழுத்து என்று பெயர் விழுந்திருந்தது. யாரோ கேலியாகச் சொன்னது, அப்படியே நிலைத்துவிட்டது.

தலை போனதும் வீட்டுக்காரர்களின் பெயர் எல்லாம் கெட்டது. முருகேசன் அண்ணாச்சி ருகேசன் ஆனார். வேலாயுதம் லாயுதம் ஆனார். எடைமேடையில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற தங்கராசு, வாயில் நுழையாத ங்கராசு ஆனார். நாற்பத்தேழு வீட்டில் ஒரே நொடியில் பலகை விழுந்தது எப்படி என்று ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை. பசை சரியில்லை என்று செல்வகனியைத் திட்டினார்கள். அவள் பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு பிளாக் பிளாக்காக ஏறி இறங்கி மறுபடி ஒட்டிக் கொடுத்தாள். ஒட்டிய கை ஈரம் காய்வதற்குள் அடுத்த வீட்டில் டப்பென்று விழுந்தது. சோறு தின்னும்போது விழுந்தது, சாமி கும்பிடும்போது விழுந்தது, ஒரு வீட்டில் சீரியலில் கதாநாயகி அழும்போது சரியாக விழுந்து எல்லோரையும் சிரிக்கவைத்தது.

மூன்றாம் நாள் தங்கராசு வீட்டுக்கு மூத்த மகளைப் பெண் பார்க்க வருகிறதாகச் சொல்லியிருந்தார்கள். சுவரில் ங்கராசு என்று இருந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர் மனைவி புஷ்பம் கைக்குக் கிடைத்த ஓர் உபரி எழுத்தை அந்த மூலையில் ஒட்டினாள். அது ச என்ற எழுத்து. ஒட்டினது அப்படியே நின்றது. மறுநாளும் நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது. தங்கராசு சங்கராசு ஆனார், த. கோமதி என்று இருந்த மகள் ச. கோமதி ஆனாள். அப்போதுதான் புஷ்பம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

"எங்க அக்கா சரஸ்வதி! இந்தப் புள்ளைய ஆறு வயசு வரைக்கும் தூக்கி வளத்தது அவதான. நான் அப்ப உடம்பு முடியாமக் கெடந்தேன், இந்த மனுசன் ராத்திரி பகல் எடைமேடையே கதின்னு கெடந்தாரு."

தங்கராசு கொஞ்ச நேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "சங்கரராசுன்னு நினைச்சுக்கிட்டாப் போச்சு. நல்ல பேருதான்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனார். டீக்கடைக்காரர் அன்றைக்கே அவரைச் சங்கராசண்ணாச்சி என்று கூப்பிட்டார்.

அவ்வளவுதான், குடியிருப்பு முழுக்க விஷயம் புரிந்துபோயிற்று, அல்லது புரிந்துபோனதாக எல்லோரும் முடிவு செய்துகொண்டார்கள். அந்தந்தப் பிள்ளைக்கு உரியவர் எவரோ அவருடைய எழுத்துத்தான் நிற்கும். எது என்று கண்டுபிடித்து ஒட்டுவது அவரவர் பாடு. அதிலிருந்து செல்வகனி வீட்டு வாசலில் செருப்புக் குறையவில்லை. வந்து நின்று ஓர் எழுத்தைக் கேட்பார்கள், வெறும் எழுத்து, ஆனால் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பெ வேண்டும் என்றால் பெரியப்பாவா, பெருமாளா, யார் என்று பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு மூக்கு வேர்க்கும். மரியசிலுவை வீட்டில் அரிச்சுவடியில் பாதியை ஒட்டிப் பார்த்துக் கடைசியில் க நின்றது. யார் அந்தக் க என்று அவரும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் மூன்று நாள் சண்டை போட்டு, பாத்திரம் உருண்டு, நாலாம் நாள் ஸ்டெல்லாவே கண்டுபிடித்தாள்.

"கடல்! இவரு கப்பலே கதின்னு போயிட்டாரு. எம் மவனுக்குச் சோறு போட்டது கடல்தான். வேற எவனும் இல்ல."

அதற்குப் பிறகு கரியசிலுவை என்று கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்த்தார்.

எல்லா வீட்டிலும் இப்படிச் சிரிப்பாக முடியவில்லை. ஒரு நாள் நடு மத்தியானம், தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, எஃப் பிளாக்கிலிருந்து ஒருத்தி முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு வந்து ஞா என்று கேட்டாள். செல்வகனி எதற்கு என்று கேட்கவில்லை. வெட்டிக் கொடுத்தாள். மறுநாள் அவளே ஓடிவந்து, "விழுந்துருச்சுக்கா, அது விழுந்துருச்சு" என்று செல்வகனியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேலாயுதத்துக்கு எந்த எழுத்துமே நிற்கவில்லை. அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரலில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள், அவர் அந்த மூலையில் ஒரு கடிகாரத்தை மாட்டினார். அதையும் விடாமல் குடியிருப்புக்காரர்கள் அவர் மகன் பெயரை மணி. பிரவீன் என்று படித்தார்கள். ஒருத்தர் இ-சேவை மையத்துக்கே போய்ப் பள்ளிச் சான்றிதழில் இனிஷியலை மாற்ற வேண்டும் என்று கேட்டு, ஆதாரம் கேட்டதற்குச் சுவரைப் படம் எடுத்துக் காட்டிவிட்டு வந்தார். குடியிருப்போர் சங்கம் கூடி, எழுத்து ஒட்டிப் பார்ப்பதைக் காலை பத்து மணிக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், யாருடைய எழுத்து என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. கேட்கக் கூடாது என்று சொன்ன பிறகு கேட்பது இரட்டிப்பாயிற்று.

செல்வகனி நாற்பது வீட்டுக்கு எழுத்து வெட்டிக் கொடுத்தாளே தவிர, ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டேதான் இருந்தாள். காரணம் அவள் வீட்டுச் சுவரிலும் இருந்தது.

இசக்கிராஜ், செல்வகனி, அபிஷா. மூன்று பெயரிலும் பொது எழுத்து என்று ஒன்றுகூடக் கிடையாது. அவள் தன் பெயரைக் கீழே தனியாகத்தான் ஒட்டிக்கொண்டாள். அப்பாவையும் மகளையும் சேர்த்துப் பிடித்தது அந்த மூலை இ மட்டும்தான். அந்த இ, திங்கட்கிழமை அவள் எழுந்து வந்து பார்த்தபோது தரையில் கிடந்தது.

அபிஷாவைப் பெற்றவன் இசக்கிராஜ் இல்லை. சுடலைமுத்து என்று செம்மண் தேரிக்காட்டுப் பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன், அவன் அடிக்குப் பயந்து பதினோரு மாதக் குழந்தையோடு செல்வகனி வெளியேறினாள். பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது இசக்கிராஜ் அவளைக் கட்டிக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அன்றைக்கு விண்ணப்பத்தில் இனிஷியல் கட்டத்தில் அவனேதான் பேனாவை வாங்கி இ என்று எழுதினான். அழுத்தின அழுத்தில் தாள் மறுபக்கம் புடைத்துவிட்டது. இந்தக் குடியிருப்புக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது, ஒருத்தருக்கும் இந்தக் கதை தெரியாது. அபிஷாவுக்கு ஒன்பது வயது, அவளுக்கும் தெரியாது. என்றைக்காவது சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு துண்டுப் பலகை சொல்லித் தன் பிள்ளை தெரிந்துகொள்ளக் கூடாது, ஊர் பார்த்துச் சிரிக்கிற நாளில் தெரிந்துகொள்ளவே கூடாது என்பதுதான் செல்வகனிக்கு இருந்த ஒரே பயம்.

தினம் சாயங்காலம் அவள் இ-யை ஒட்டுவாள். படுக்கப் போகும்போது ஒரு தடவை தொட்டுப் பார்ப்பாள், அசையாமல் இருக்கும். காலையில் எழுந்தால் தரையில் கிடக்கும். உப்புக் காற்றில் அந்த மூலைச் சுவர் வேறு பொரிந்து பொரிந்து பள்ளம் விழ ஆரம்பித்திருந்தது. மற்ற வீடுகளில் நேரம் காலம் இல்லாமல் விழுகிற எழுத்து தன் வீட்டில் மட்டும் தவறாமல் விடிகாலையில் விழுகிறதே என்று யோசிக்கிற நிதானம் அவளுக்கு இல்லை. ஷிப்டு முடிந்து வந்த இசக்கிராஜ் சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பான்.

"ஒட்டிப் பிரயோசனம் இல்ல, கனி" என்றான் ஒரு நாள்.

"பசை பழசு. புதுசு வாங்கிட்டு வாங்க."

"பசையில ஒண்ணும் இல்ல. அந்த எழுத்த வெட்டி வச்சுப் பாரு."

"எந்த எழுத்த?"

"உனக்குத் தெரியாதா?"

செல்வகனி ரம்பத்தைக் கீழே வைத்தாள். "என் கையில தெம்பு இருக்கிற வரைக்கும் அந்த எழுத்து இந்த வீட்டுக்குள்ள வராது" என்றாள். உள்ளே அபிஷா வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது சட்டென்று நின்று, பிறகு மறுபடி ஆரம்பித்தது. இசக்கிராஜ் எழுந்து குளிக்கப் போனான். அதற்குப் பிறகு இருவருக்கும் நடுவில் டீ வேணுமா, கதவைச் சாத்து என்கிற பேச்சுத்தான் மிச்சம் இருந்தது.

அந்த எழுத்து வராது என்று அவள் சொன்னதற்கென்றே பி பிளாக் சுந்தரி சு கேட்டு வந்தாள். ஏ பிளாக்கில் அவள் அண்ணன் வீடு. அண்ணன் பிள்ளைகளை வளர்த்தது தான்தான் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை, ஊர் கூடிப் பார்க்கத் தன் எழுத்து அங்கே நிற்க வேண்டும் என்று இருந்தது. பலகை தீர்ந்துபோச்சு மைனி என்றாள் செல்வகனி. மறுநாள் பெயின்ட் தீர்ந்துபோச்சு என்றாள். மூன்றாம் நாள் மணிக்கட்டு வலி என்றாள். நாலாம் நாள், சனிக்கிழமை, தண்ணீர் லாரி வந்து பெண்கள் எல்லாம் குடத்தோடு நிற்கும்போது சுந்தரி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நாப்பது வீட்டுக்கு எழுத்து வெட்டினவளுக்கு சு மட்டும் கைக்கு வராதாக்கும்! அந்த எழுத்துல உனக்கு அப்படி என்னதான் இருக்கு, சொல்லு பாப்போம்."

வரிசையில் சத்தம் அடங்கியது. குடத்தில் தண்ணீர் நிறைகிற சத்தம் மட்டும் கேட்டது. நிற்கிற ஒவ்வொருத்தியும் சுப்பையா, சுந்தரம், சுரேஷ் என்று மனசுக்குள் பெயர்களை அடுக்கிப் பார்க்கிறாள் என்று செல்வகனிக்குத் தெரிந்தது. புஷ்பத்தின் கண் அவள் வீட்டுக் கதவுப் பக்கம் போய்த் திரும்பியதையும் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில வந்து வாங்கிக்கிடுங்க மைனி" என்றாள் செல்வகனி. "இதுக்குப் போயி ஏன் இவ்வளவு சத்தம்?"

அன்று சாயங்காலம் அபிஷாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு அவள் சு வெட்டினாள். பலகை மணம் அன்றைக்குக் குமட்டியது. ச வரைந்தாள், அதன் காலைச் சுழித்துக் கீழே இழுக்கிற இடத்தில் கை நின்றுவிட்டது. எட்டு வருஷமாக அவள் ஒரு கடிதத்தில், ஒரு மளிகைக் கணக்கில்கூட அந்த எழுத்தை முழுசாக எழுதாமல் தப்பித்து வந்தவள்; பெயர்ப் பலகைகளில் சு வந்தால் இசக்கிராஜை வரையச் சொல்லிவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுழித்தாள். வார்னிஷ் தடவி, பிள்ளை கண்ணில் படாமல் ஃபிரிட்ஜின் மேல் காயவைத்துவிட்டு, வழக்கம்போல இ-யை மூலையில் ஒட்டி, தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நன்றாக விடிந்த பிறகு அபிஷா அவளைத் தட்டி எழுப்பினாள்.

"அம்மா, அப்பா இன்னைக்கும் எழுத்தை எடுத்துட்டாங்க."

"விழுந்துருச்சா?"

"விழலம்மா. எடுத்துட்டாங்க. தினமும் எடுக்காங்கல்லா, சுவத்துக்குப் பட்டி தடவுற தகடு இருக்குல்ல, அதை உள்ள விட்டு நெம்பி எடுத்துட்டு, சத்தம் இல்லாமக் கீழ வைப்பாங்க. நான் கொசுவலைக்குள்ள இருந்து பாப்பேன்."

செல்வகனி எழுந்து உட்கார்ந்தாள். அபிஷா அவள் காதருகே குனிந்து, யாருக்கோ சிபாரிசு பண்ணுகிற குரலில் சொன்னாள்:

"அவங்களத் திட்டாதம்மா. என் பேருக்கு முன்னால அவங்க எழுத்து நிக்கிறது அப்பாவுக்குப் பிடிக்கல போல. பரவால்ல. நீ உன் எழுத்தப் போட்டுரு. செ. அபிஷா. நான் நோட்டுல எழுதிப் பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்கு."

எத்தனை நாள் இந்தப் பிள்ளை கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு இதைப் பார்த்திருக்கிறது, எத்தனை நாள் இதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது என்று செல்வகனி நினைத்துப் பார்த்தாள். அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு ஹாலுக்கு வந்தாள்.

இசக்கிராஜ் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். இ தரையில் கிடந்தது. அவன் வலது உள்ளங்கை அந்த மூலையில் ஒரு பலகையை அழுத்திப் பிடித்திருந்தது. ஃபிரிட்ஜின் மேல் காயவைத்தது அங்கே இல்லை.

"என்ன செய்யுதீங்க?"

"நீ வெட்டி வச்சிருந்தியே. அதான் பாக்கேன்."

"அது சுந்தரி மைனிக்கு வெட்டினது. கையை எடுங்க."

"எடுக்க முடியல, கனி." அவன் திரும்பவில்லை. கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. "எடுத்தா நின்னுருமோன்னு பயமா இருக்கு."

"எவ்வளவு நேரமா இப்படி நிக்கீங்க?"

"அரை மணி நேரம் இருக்கும்."

அவள் பக்கத்தில் போனாள். "இத்தனை நாளும் நீங்கதான் எடுத்தீங்களா?"

அவன் சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னான்: "அன்னைக்கு ஊரு பூரா விழுந்துச்சு. ஷிப்டு முடிஞ்சு கேட்டுக்குள்ள நுழையுதேன், வீட்டுக்கு வீடு டப்பு டப்புன்னு சத்தம், எழுத்து விழுந்துருச்சுன்னு கூப்பாடு. உள்ள வந்து பாக்கேன், நம்ம வீட்டுல மட்டும் விழல. பெத்தவனுவளுக்கே விழுந்திருக்கு, எனக்கு எப்படி நிக்கும்? இப்ப விழுமோ, நாளைக்கு விழுமோன்னு பாத்துக்கிட்டே இருக்க என்னால முடியாது. பாப்பா முன்னால அது தானா விழுததுக்கு, நானே எடுத்துட்டா..." அவன் முடிக்கவில்லை.

வாசல் கதவு தட்டப்பட்டது.

"செல்வகனி! எழுத்து காஞ்சிருச்சா? அண்ணன் வீட்டுல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

சுந்தரியின் குரல்தான். அவளோடு இன்னும் இரண்டு பேர் வந்திருப்பது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. செல்வகனி புருஷனின் மணிக்கட்டைப் பிடித்துச் சுவரிலிருந்து இழுத்தாள். கை வந்துவிட்டது. சு வரவில்லை. அசையாமல், கோணாமல், அந்த மூலைக்கென்றே அளவெடுத்ததுபோல நின்றது. சுசக்கிராஜ். சு. அபிஷா. ஈரப் பசை தடவி அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தால் எந்தப் பலகையும் எந்தச் சுவரிலும் நிற்கத்தான் செய்யும், அவளைவிட அது யாருக்குத் தெரியும்; ஆனால் இசக்கிராஜின் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்லி என்ன பயன் என்று இருந்தது. அவன் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, விலாசம் தப்பி வந்தவன் மாதிரி தன் வீட்டு நடுவில் நின்றான்.

"சு யாரும்மா?" என்றாள் அபிஷா.

அவள் எப்போது வந்து நின்றாள் என்று இருவருக்கும் தெரியாது. கதவு மறுபடி தட்டப்பட்டது. செல்வகனி பிள்ளையின் முன் முட்டி போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக எப்படிச் சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

"உன்னப் பெத்த அப்பா. சுடலைமுத்துன்னு பேரு. நீ கைக்குழந்தையா இருக்கும்போது அம்மா உன்னத் தூக்கிட்டு வந்துட்டேன். அப்புறம் இந்த அப்பா நம்மள வச்சுப் பாத்துக்கிட்டாங்க."

அபிஷா அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். தரையில் கிடந்த இ-யையும் சுவரில் இருந்த சு-வையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே சுந்தரி, "உள்ள ஆளு இருக்கு, பேச்சுச் சத்தம் கேக்குதே" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவங்க இங்க வருவாங்களா?"

"வரமாட்டாங்க."

"நம்ம வீடு எதுன்னு தெரியுமா அவங்களுக்கு?"

"தெரியாது."

"அப்ப இந்த எழுத்து விழுந்துச்சுன்னா யாரு ஒட்டுவா?"

அபிஷா அப்பாவிடம் போய், அவன் பேன்ட் பையில் துருத்திக்கொண்டிருந்த தகட்டை உருவினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சு-வின் பின்னால் தகட்டை விட்டு, அவன் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்த மாதிரியே நெம்பினாள். காரையோடு பேர்த்துக்கொண்டு வந்தது. இறங்கிப் போய்க் கதவைத் திறந்து சுந்தரியின் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க அத்தை. காஞ்சிருச்சு."

சுந்தரி வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "என்னட்டி இது, பின்னால சுவரே ஒட்டிக்கிட்டு வந்திருக்கு?" என்றாள். அவள் எட்டிப் பார்ப்பதற்குள் அபிஷா கதவைச் சாத்திவிட்டாள்.

பிறகு தரையில் கிடந்த இ-யை எடுத்துத் துடைத்து அப்பாவிடம் நீட்டினாள். "ஒட்டுங்கப்பா."

"விழுந்துரும், பாப்பா." அவன் கையை நீட்டவில்லை.

"விழுந்தா என்ன, திரும்ப ஒட்டணும். அதுக்குப் போயி யாராவது எடுத்து வைப்பாங்களா?" என்றாள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை மிரட்டுகிற மாதிரி. அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கே அழுகை வந்தது. இசக்கிராஜ் அவளைத் தூக்கிக்கொண்டான், ஒன்பது வயதுப் பிள்ளை, கால் அவன் முழங்காலில் இடித்தது. ஒரு கையில் அவளை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் இ-யைச் சுவரில் அழுத்தினான். செல்வகனி பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

சுவரோடு பேர்ந்து வந்த சு-வைச் சுந்தரி அன்று பத்து வீட்டுக்குக் காட்டினாள். டி பிளாக்கில் என்ன நடந்தது என்று குடியிருப்பு இரண்டு நாள் பேசியது. கதை பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் எல்லோருக்கும் தெரிந்துபோனது. தண்ணீர் லாரி வரிசையில் புஷ்பம் ஏதோ கேட்க ஆரம்பித்தபோது, "ஆமா, என் மவ இனிஷியல் இ-தான், எழுதி வச்சுக்கிடுங்க" என்றாள் செல்வகனி, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு. அதற்குமேல் கேட்க ஆள் இல்லை. முருகேசன் அண்ணாச்சி யாருக்கும் சொல்லாமல் தன் வீட்டு மு-வை எடுத்து ஒட்டி அரை மணி நேரம் கையால் பிடித்து நின்றதாகவும், அது ஒரு வாரம் நின்று விழுந்ததாகவும், அவர் மறுபடி பிடித்துக்கொண்டு நின்றதாகவும் அவர் மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள். வேலாயுதம் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு ஏரலுக்குப் பஸ் ஏறினார். சங்கராசு மட்டும் சங்கராசாகவே இருந்தார், அவருக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிருந்தது.

இசக்கிராஜ் ஒட்டிய இ அதற்குப் பிறகு விழவே இல்லை என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். விழுந்தது. பத்தாம் நாள் சாயங்காலம், அவன் சாப்பாட்டுப் பையோடு ஷிப்டுக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில், யாரும் தொடாமல், பின்பக்கம் மழமழவென்று சுத்தமாக, தானாக விழுந்தது. செல்வகனி பசையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"நீ ஒட்டாதம்மா" என்றாள் அபிஷா. "அப்பா வரட்டும்."

காலையில் இசக்கிராஜ் கதவைத் திறந்தபோது முதலில் சுவரைத்தான் பார்த்தான். தினமும் அப்படித்தான் பார்ப்பான். மூலை காலியாக இருந்தது. அவன் முகம் மாறுவதற்குள், தலை சீவாமல், மடியில் பலகையும் பசை டப்பாவுமாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்த அபிஷா, கரண்ட் போய்விட்டது என்று சொல்கிற குரலில், "விழுந்துருச்சுப்பா" என்றாள். அவன் பையைத் தோளிலிருந்து இறக்காமலே வந்து எழுத்தை வாங்கி, பசை தடவி, மூலையில் வைத்து அழுத்தினான்.

"நல்லா அமுக்கிப் பிடிங்க, அரை மணி நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு அவள் பல் தேய்க்கப் போனாள்.